கீழே இருந்து பார்த்த கடல்

அந்தப் பெட்டியத் தெறக்காத பிள்ளே. மூடியே இருக்கட்டும். நீ எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். மொதல்ல உள்ள வந்து உக்காரு. பஸ்ஸ விட்டு எறங்கி வெயிலோட நடந்து வந்திருக்க, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு. லேப்டாப்பக் கட்டில் மேல வையி, அங்ஙன பத்திரமாத்தான் இருக்கும். காப்பி போடுதேன். பால் இல்ல, வரக்காப்பிதான். குடிப்பேல்லா?

ஆபீசுல இப்ப யாரு கூட்டுதா? வாட்ச்மேன் பொண்டாட்டியா? நல்லாக் கூட்டுவா அவ. நீ உக்காருத மேசைக்கு அடியில வயரு சுருண்டு கெடக்குல்லா, அதுக்குள்ளதான் தூசி அடையும். குனிஞ்சு துணியால எடுக்கணும். அவ குனிய மாட்டா. நான் வராம அந்த எடம் குப்பையாத்தான் கெடக்கும், போயி உக்காந்து தும்மு.

உம்மேல கோவமான்னு கேக்க. கோவம்தான். பொய் சொல்ல என்ன இருக்கு? நீ சங்கரன்கோயில்காரி, கடலையே பாக்காம வளந்த பிள்ள. உன்னயக் கொண்டாந்து கடல் தரையப் படம் போடுத வேலையில உக்கார வெச்சிருக்காவ. சரி, அது உன் படிப்பு. உங்கிட்ட நான் என்ன கேட்டேன்? பலவேசம் சாரு விட்டுட்டுப் போன படத்த மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் பாத்துக்கிடட்டுமான்னுதான கேட்டேன். நீயும் சரின்ன. தெறந்தும் குடுத்த. தெறந்தவ சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, இங்க வாங்க, இது குழி இல்லக்கா"ன்னு சொல்லி மவுசுல கைய வெச்சுத் திருப்பப் போன. நான் வெளக்குமாத்த அங்ஙனயே போட்டுட்டு வந்தவதான். நீ திருப்பினியா இல்லையான்னுகூட நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன்.

பலவேசம் சாரு இருந்தா இப்படி ஆயிருக்காது. அவரு பேரு உனக்குத் தெரியும், ஆளத் தெரியாது. தங்கமான மனுசன். ஒருநாளும் எனக்குத் தெரியாம அந்தப் படத்தத் திருப்ப மாட்டாரு.

எங்க வீட்டு ஆளு போனத ஆபீசுல உனக்குச் சொல்லியிருப்பாவ. அவிய சொன்னது வேற, நான் சொல்லுதேன், கேளு. அவரும் மிக்கேலும் ஒரே வள்ளத்துலதான் போனாவ. மிக்கேலு அவருக்குக் கூட்டாளி, சின்னதுல இருந்தே ஒண்ணாத் தொழிலுக்குப் போறவன். அன்னைக்கு மேக்க இருந்து அடிக்குத கச்சான் காத்து. காத்து தூக்கும்னு தெரியும், வெடியிறதுக்குள்ள திரும்பிருவோம்னுதான் போனாவ. திரும்பல. ரெண்டாவது நாளு மிக்கேலு பெரியதாழை பக்கம் ஒதுங்கினான். அவன் பொஞ்சாதி பாத்து, அழுது, அடக்கம் பண்ணி, இப்ப அவ ரெண்டு பிள்ளையளயும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு எறால் கம்பெனிக்கு வேலைக்குப் போறா. அவளுக்கு அது முடிஞ்சு போச்சு.

எனக்கு என்ன வந்துச்சு? ஆளும் வரல, வள்ளமும் வரல. ஒரு பலகை, ஒரு டீசல் கேனு, ஒரு கந்தலு, ஒண்ணும் ஒதுங்கல. அப்புறம் நான் எத வெச்சு நம்ப? ராமேஸ்வரத்துக்காரன் ஒருத்தன், கொழும்புப் பக்கம் ஜெயில்ல நம்ம ஊரு ஆளு ஒண்ணு பேசாம உக்காந்திருக்குன்னு சொன்னானாம். பேசாம உக்காந்திருக்கதுன்னா அது அவருதான். அவரு வீட்லயே பேச மாட்டாரு.

கோயில்ல சாமியாரு ரெண்டு தடவ கூப்பிட்டு விட்டாரு. ஆத்துமப் பூசை ஒண்ணு வெச்சிருவோம்மா, உனக்கும் மனசு ஆறும்னாரு. உசுரோட இருக்கவருக்கு எதுக்குச் சாமி பூசைன்னு கேட்டேன். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரியத் தூக்கிட்டுப் போவும். நான் கதவச் சாத்திட்டு உள்ளயே இருப்பேன். எனக்கு அங்க யாரு இருக்கா? ஆனா அந்தச் சாமியாருதான் சொல்லி உங்க ஆபீசுல வேலை வாங்கிக் குடுத்தாரு. அத மறக்கக் கூடாது.

வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மத்தியானம், சாரு தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நான் தரை தொடைக்கேன். நிமிந்து பாத்தா அந்தப் பெரிய டிவியில செவப்பும் பச்சையும் நீலமுமா ஒரு துணி கசங்கிக் கெடக்கு. இது என்ன சாருன்னு கேட்டேன். இதுதாம்மா நம்ம கடலுன்னாரு. கப்பலு வாற வழியில நம்ம ஆபீசு போட்டு போகுதுல்லா, அது கீழ சத்தத்த அனுப்பும், அடியில முட்டித் திரும்பி வாறத வெச்சுப் புள்ளி புள்ளியா வெப்போம், எல்லாப் புள்ளியையும் சேத்தா தரை வந்துரும்னாரு. செவப்பு மேடாம், நீலம் ஆழமாம். நான் கேட்டேன், கடலுன்னா தண்ணி எங்க சாரு? அவரு சோத்த அள்ளிக்கிட்டே சாதாரணமாச் சொன்னாரு, தண்ணிய எடுத்தாச்சும்மா.

பிள்ளே, நான் தொடைக்கத விட்டுட்டு அங்ஙனயே உக்காந்துட்டேன். எங்க வீட்டு ஆளு போன நாளுல இருந்து நான் மாதாகிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். இந்தத் தண்ணிய மட்டும் கொஞ்ச நேரம் எடுத்து அந்தப் பக்கம் வைம்மா, நான் போயி ஒருக்க பாத்துட்டு வந்துருதேன்னு. இங்க ஒரு மனுசன் அத எடுத்து வெச்சிட்டு உக்காந்து தயிர்ச்சாதம் சாப்பிடுதாரு.

நான் எல்லாத்தையும் சொன்னேன். எங்க வீட்டு ஆளு பேரு செலஸ்டின், வள்ளம் இன்ன மாதிரி, கப்பல் வழிக்கு வெளிப் பக்கம்தான் வலை விடுவாரு, இன்ன எடம்னு. சாரு சாப்பாட்ட மூடி வெச்சிட்டாரு. நாளைக்கு வாம்மா பாப்போம்னாரு. மறுநாள் போனா அவரு கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. ராத்திரி பூரா வேலைன்னாரு. கொண்டாந்த சோத்தயும் அன்னைக்கு அவரு தெறக்கல. வயித்துக்குச் சரியில்லன்னு நெனைக்கேன்.

எனக்கு மொத நாளு மேல இருந்து பாக்க மாதிரி வெச்சுத்தான் காட்டியிருந்தாரு. எனக்குத் தலை சுத்திக்கிட்டு வந்துச்சு. எங்க கரையில பொம்பளைய வள்ளத்துல ஏத்த மாட்டாவ, தெரியுமா? கரையில கெடக்குத வலையக்கூட நாங்க தாண்டக் கூடாது. நான் பொறந்ததுல இருந்து கடல மணல்ல நின்னு பாத்தவ. அதுக்கு மேல நின்னு குனிஞ்சு பாக்கது ஆம்பளைய பாக்குத பார்வை. எனக்கு அது ஆகல. ரெண்டாவது நாளு சாரே சொன்னாரு, மேல இருந்து பாக்க வேண்டாம் ஜெபமாலை, உனக்குத் தலை சுத்தும், அடியில கூட்டிட்டுப் போறேன்னாரு. தரைக்கும் அடியில. அங்க இருந்து மேல பாக்க மாதிரி. எனக்குத் தலை சுத்துனத ஞாபகம் வெச்சிருந்தாரு பாரு. அந்த மனசு யாருக்கு வரும்?

எல்லாத்தையும் அவருதான் சொல்லிக் குடுத்தாரு. கேமரா, கேமராம்பாரு. நான், கேமராவக் கயித்துல கட்டித் தண்ணிக்குள்ள எறக்கி விட்டிருக்கியளா சாருன்னு கேட்டேன். சிரிச்சாரு. "கேமரான்னு ஒரு சாமானே அங்க கெடையாது ஜெபமாலை. நீ எங்க நின்னு பாக்கியோ அதுக்குப் பேருதான் கேமரா. தரை அசையாது. நீதான் அசையுத"ன்னாரு. எடது பொத்தான அமுக்கி இழுத்தா சுத்தலாம். சக்கரத்த உருட்டினா கிட்டப் போலாம், தள்ளிப் போலாம். ரொம்பக் கிட்டப் போயிட்டா தரை கிழிஞ்சு ஓட்டையாத் தெரியும், பயப்படாத, ஒண்ணும் ஆகல, கொஞ்சம் பின்னால வான்னு சொல்லுவாரு. மொதல்ல மவுசு எங்கயாச்சும் ஓடிரும். ஒருதடவ எங்கயோ கொண்டு போயிட்டேன், டிவி பூராக் கறுப்பு. கடலத் தொலைச்சிட்டியே ஜெபமாலைன்னு கேலி பண்ணுனாரு. கொஞ்ச நாளுல கை பழகிட்டு.

கீழ இருந்து பாத்தா எல்லாம் மாறித் தெரியும். நீ அதத்தான் சொல்ல வாற, இரு, எனக்கும் தெரியும். அங்க ஒரு பாறை இருக்கு, எங்க ஆளுக அதுக்குப் பாருன்னு பேரு சொல்லுவாவ, எங்க வீட்டு ஆளு எப்பவும் மீனு பிடிக்கப் போற எடம். நான் தேடுனா மேட்டையே காணும், அந்த எடத்துல பள்ளமாக் கெடக்கு. சாருகிட்டக் கேட்டேன். வீட்ல பணியாரச் சட்டி வெச்சிருக்கியா, அதக் கவுத்துப் போட்டுப் பாரு, குழியெல்லாம் முட்டு முட்டாத் தெரியும்லா, அது மாதிரிதான் இதுவும்னாரு. மேடு குழியாத் தெரியும், குழி மேடாத் தெரியும். பாருக்கு அப்படித்தான்னு புரிஞ்சுக்கிட்டேன். எல்லாத்துக்கும் அப்படித்தானான்னு நான் கேட்டுக்கிடல. அவரும் சொல்லல.

நான் தேடுனேன் பிள்ளே. வீடு கூட்டுத மாதிரி ஒரு மூலையில ஆரம்பிச்சு வரிசை வரிசையாத் தேடுனேன். வள்ளம் கெடந்தா மேடாத்தான தெரியும்? எங்க மேடு தெரிஞ்சாலும் கிட்டப் போயி நிறுத்தி, சாரு இது என்னன்னு கேப்பேன். அவரு எட்டிப் பாத்துட்டு, "இது வள்ளம் இல்ல ஜெபமாலை"ம்பாரு. ஒவ்வொண்ணுக்கும் அதான் சொன்னாரு. பொய் சொல்லுத ஆளு இல்ல அவரு. மாசக்கணக்காத் தேடி ஒரு மேடு மிச்சம் இல்லாமப் பாத்துட்டேன். அங்க எங்க வீட்டு ஆளு இல்ல. என் கையால நானே தேடி, இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்குச் சோறே எறங்குச்சு. சாமியாருகிட்டப் போயி, கடல் பூராத் தேடிட்டேன் சாமி, அவரு அங்க இல்லன்னு சொன்னேன். அவரு என்னய ஒரு மாதிரியாப் பாத்தாரு.

குழிய நான் தேடிப் போகல. மேடு தேடும்போது அதுவாத்தான் வந்துச்சு. நீளமா, ஒரு பக்கம் கூம்பிப் போயி, ஒரு பக்கம் வெட்டி விட்ட மாதிரி மட்டமா. சுத்தி எல்லாம் கரடுமுரடு, அது மட்டும் வழவழன்னு இருக்கும். யாரோ ஒருக்களிச்சுப் படுத்து எந்திரிச்சுப் போன எடம் மாதிரி இருந்துச்சு எனக்கு. அதுமேல மவுச வெச்சு ரெண்டு தட்டுத் தட்டிட்டேன் போலுக்க. அப்புறம் எப்படித் திருப்புனாலும் அது நடுவுலயே நிக்கும், மத்ததெல்லாம் அதச் சுத்தி வரும். ஏன் சாரு இப்படின்னேன். எத ரெண்டு தட்டுத் தட்டுதியோ அதுதாம்மா மையம், எல்லாம் அதத்தான் சுத்தும், வேற எடத்துல தட்டுனா மாறிரும்னாரு. நான் மாத்தல. அவரும் மாத்தல.

பெறவு தேடுத வேலை இல்லல்லா. மத்தியானம் போவேன், நேரா அந்தக் குழிக்குக் கேமராவக் கொண்டு போவேன், சக்கரத்தக் கொஞ்சம் கொஞ்சமா உருட்டி உள்ள போயி உக்காந்துக்கிடுவேன். சுத்தி நாலு பக்கமும் செவரு மாதிரி வந்துரும். ஏசிச் சத்தம் மட்டும்தான். அங்ஙன இருந்து வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவேன். சாளை மீனு வெலை, கூரை ஒழுகுனது, மிக்கேலு மவன் பத்தாவது பாஸானது. ஆளு எங்கயோ உசுரோட இருக்காரு, நீ ஏன் அந்தக் குழிக்குள்ள போயி அவருகிட்டப் பேசுனன்னு கேப்ப. பேசத் தோணுச்சு, பேசுனேன். வேற எங்க போயிப் பேச? இந்த வீட்ல இருந்து பேசுனா செவத்துலதான் முட்டுது. அங்ஙன பேசுனா யாரோ கேக்க மாதிரி இருக்கும். சாரு பாட்டுக்குச் சன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிடுவாரு.

ஒருக்க பயந்து போனேன். சாரு கை கழுவப் போயிருந்தாரு. நான் மவுச இழுத்து இழுத்த வேகத்துல விட்டுட்டேன். அது பாட்டுக்குத் தானாச் சுத்த ஆரம்பிச்சிருச்சு பிள்ளே. நான் கைய எடுத்துட்டேன், அது சுத்துது. யாரோ அந்தப் பக்கம் இருந்து கைய வெச்சுத் திருப்புத மாதிரி, மெதுவா, நிக்காம. தரை சாயுது. குழியோட வெளிம்பு ஒரு பக்கமா மேல எழும்புது. நான் கண்ண மூடிக்கிட்டு, சாரு சாருன்னு கத்துனேன். ஈரக் கையோட ஓடியாந்து ஒரு அமுக்கு அமுக்கி நிறுத்துனாரு. பழையபடி அடியில கொண்டு வெச்சாரு. வேகமா இழுத்து விட்டா தானாச் சுத்தும், அமுக்குனா நின்னுரும், அவ்வளவுதாம்மான்னாரு. நிறுத்துன பெறவும் மவுசுல இருந்து கைய எடுக்காம நின்னாரு. என்னயப் பாத்து அவரும் பயந்திருப்பாரு.

கண்ண எதுக்கு மூடுனன்னு கேக்காத.

அன்னைக்கு இருந்து ஒரு வியாதி பிடிச்சுக்கிட்டு. இந்தக் கட்டில்ல படுத்து மேல பாத்தா, கூரை கூரையாத் தெரியாது. தரையோட அடிப் பக்கம் மாதிரித் தெரியும். அதுக்கு மேல யாரோ கெடக்க மாதிரி, அவிய பாரத்துல அந்த எடம் கொஞ்சம் தொய்ஞ்சிருக்க மாதிரி. பயமான்னா பயம் இல்ல. கைய நீட்டுனா எட்டிரும்னு இருக்கும். எழுந்து லைட்டப் போட்டா வெறும் தகரம். பக்கத்து வீட்டு ரெஜினா, மந்திரிச்சுக் கயிறு கட்டிக்கோக்கான்னு சொல்லுதா. நான் கட்டிக்கிடல. அதுவும் போயிட்டா என்ன செய்ய?

சாரு ரிட்டயராகிப் போன அன்னைக்கு எல்லாரும் லட்டு சாப்பிட்டுக்கிட்டு நின்னாவ. அவரு தனியா என்னயக் கூப்பிட்டாரு. கையில இருந்த லட்ட மேசையில வெச்சாரு. பெறவு, "புதுசா ஒரு பிள்ள வரும் ஜெபமாலை. அது என்ன சொன்னாலும் கேட்டுக்க. என்னால முடியல"ன்னாரு. வயசாயிட்டுல்லா, பாவம், கண்ணும் செரியாத் தெரியாது. இனிமே சொல்லித்தர முடியலைங்காருன்னு நெனச்சேன். படத்த மாத்தாம, நான் இருந்த எடத்துலயே வெச்சு மூடிட்டுப் போனாரு. நீ வந்து தெறந்த.

காப்பிய எடுத்துக் குடி பிள்ளே, ஆறுது. என்னத்த முழிக்க? சொல்லு, சொல்லத்தான வந்திருக்க. பெட்டியத் தெறக்காமச் சொல்லு.

என்ன மிஷினு?

எப்ப வருது?

இரு. செரியாச் சொல்லு. கப்பலு வாற வழிய அகலப்படுத்துதாவ, சரி. அதுக்கு மிஷினு வருது, சரி. அது அடியில மேடா நிக்கதெல்லாத்தையும் அரைச்சு எடுத்துரும். மேட்டத்தான? குழிய ஒண்ணும் செய்யாதுல்லா? அது எதுக்குக் குழியத் தொடப் போவுது? அப்ப எனக்கு என்ன? அது குழிதான். குழியாத்தான் நான் பாத்திருக்கேன், உள்ள போயி உக்காந்திருக்கேன். மிஷினு அது மேல போயிட்டுப் போவுது.

நீ ஏன் பிள்ளே அழுத?

அழாத. வீட்டுக்கு வந்த பிள்ள அழுதா நான் என்ன செய்ய. மூக்கத் தொடை. மானேஜரு என்ன சொல்லுதாரு? பாறைன்னுதான் எல்லாத்தையும் கணக்கு வெச்சிருக்காவளா? வள்ளம்தான்னு வீட்டாளு யாராச்சும் சொன்னா, முங்குத ஆளுகள எறக்கிப் பாத்து, எடுக்கிறத எடுத்துட்டுத்தான் மிஷின விடுவாவளா? யாராச்சும்னா நான்தான். வேற யாரு இருக்கா அவருக்கு?

அப்ப நான் குழின்னு சொன்னா அது தூளாயிரும்.

மேடுன்னு சொன்னா அவரு செத்துருவாரு.

ரெண்டும் என் வாயில இருந்துதான் வரணும். நல்லா இருக்குடி உங்க படிப்பு. கோவிச்சுக்கிடாத, உன்னயச் சொல்லல. அந்தப் பலவேசத்தச் சொல்லுதேன். மொத நாளே தெரிஞ்சிருக்கு அவருக்கு. கண்ணு செவந்து கெடந்துச்சுன்னு சொன்னேன்லா. ஒரு பொம்பளய எங்க கொண்டு உக்கார வெச்சிருக்காரு பாரு. அதுவும் தெனமும், வா வான்னு கூப்பிட்டு. திட்டணும்னுதான் இருக்கு, திட்ட வரல. ரெண்டு வருசமா யாருக்கும் கெடைக்காத எடம் எனக்குக் கெடைச்சிருக்கு. எங்க வீட்டு ஆளுகிட்டத்தான உக்காந்து கூரை ஒழுகுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

தெற பெட்டிய.

மவுசு கொண்டாந்திருக்கியா? குடு. நீ தொடாத. அந்த வீடு படம் போட்ட பொத்தான் இருக்குல்லா, அத அமுக்கிராத, அது பொட்டுன்னு மேல கொண்டு போயி நிறுத்திரும். கடலுக்கு நட்ட நடு மேல நிக்கதுக்கு எவன் வீடுன்னு பேரு வெச்சானோ. நான் மெதுவா வாறேன். அடியில இருந்து வாறேன். பழகுன எடம், விட்டுட்டு உடனே கெளம்ப முடியாதுல்லா.

இந்தா, இதான் என் குழி. இதுக்குள்ள இருந்து பின்னால வாறேன். வந்துட்டேன். இப்ப சுத்துதேன். தரை சாயுது. சாயட்டும். கண்ண மூட மாட்டேன், நீ பயப்படாத. தரை பூராக் கோடாப் போச்சு பாரு, ஒரு நூலு மாதிரி. இதுக்கு அந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல. கொஞ்சம் இரு. மூச்சு விட்டுக்கிடுதேன்.

ஆமா.

ஆமா பிள்ளே. வள்ளம்தான்.

கரையப் பாத்துத்தான் கெடக்கு. வீட்டுக்கு வாற வழியிலதான் வந்திருக்காரு. கொழும்புக்கும் போகல, எங்கயும் போகல. இந்தா நம்ம தேவாலயம் இருக்க தெசை, மூக்கு நேரா இங்ஙன பாத்துத்தான் கெடக்கு.

முங்குத ஆளுககிட்டச் சொல்லு. பேரெல்லாம் அழிஞ்சு போயிருக்கும், பெயிண்டப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. அணியத்துப் பக்கம், வள்ளத்து மூக்குலதான், கையவிட்டுத் தடவச் சொல்லு. ஒரு அம்மிக் கொழவி கெடக்கும். வள்ளத்துல கெடக்கக்கூடிய கல்லு இல்ல அது, என் அடுப்படிக் கல்லு, ஒரு ஓரம் உடைஞ்சிருக்கும். முந்தின நாளு நங்கூரம் அத்துப் போச்சுன்னு, கடைசியாப் போன அன்னைக்கு நங்கூரத்துக்குப் பதிலா அவரு அதத் தூக்கிட்டுப் போனாரு. சட்டினிக்கு நான் எங்க போவேன்னு வாசல் வரைக்கும் பின்னாலயே போயிக் கத்துனேன். அவருதான் பேசவே மாட்டாருல்லா. அன்னைக்குத் திரும்பி நின்னு பேசுனாரு, மத்தியானம் கொண்டாந்து போட்டுருதேன்னாரு.